வீடும் விஞ்ஞானமும்: பெட்டியின் மேலே பெயர், உள்ளே என்ன?



இம்மாதம் இப்பக்கத்துக்கு வந்த கடிதங்களுள் ஒன்று திருகோணமலை மாவட்டத்து இறக்கக்கண்டியிலிருந்து வந்திருக்கிறது. நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டை வீதியில் போய் வந்தவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவே கடலை நம்பி வாழும் நமது சனங்கள். எழுதியவர் ஒரு தாயார். கணவருக்குக் கடற்றொழில். வள்ளத்தின் எஞ்சின் பழசாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்குவதற்கென்று சீட்டுப் பிடித்தும், சிறுகச் சிறுகச் சேர்த்தும் வைத்த காசு வீட்டில் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் மகன், "உம்மா, கம்பியூட்டருக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கித் தாங்க. புதிய கேம் எல்லாம் ஓடும். அதோடு வீடியோ எடிட்டிங் பழகி நானும் உழைப்பேன்" என்று நிற்கிறாராம். கூட்டாளிமாரில் ஒருவர் 'என்விடியா' என்கிறார், மற்றவர் 'ஏஎம்டி' என்கிறார். இரண்டு பேரும் சண்டை. "இரண்டில் எது நல்லது? இவருடைய வாப்பாவிடம் நான் எதைச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறார் அந்தச் சகோதரி.

"கேம் எதற்கு, பிள்ளையை ஓதச் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அது கேட்ட கேள்விக்குப் பதிலாகாது. ஆகுமான பொழுதுபோக்கு எது, தொழுகையையும் தூக்கத்தையும் விழுங்கும் விளையாட்டு எது என்பதை உலமாக்களும் பெற்றோரும் பேசிக் கொள்ளட்டும். ஹலாலாக உழைத்த காசு கைமாறப் போகிறது. அந்தக் காசுக்கு வரும் சாமான் என்ன, சொன்ன வேலையைச் செய்யுமா என்று பார்ப்பதே இந்தப் பக்கத்தின் வேலை.

முதலில், இந்தக் கார்ட் என்னதான் செய்கிறது? கம்பியூட்டரின் மூளை என்று நாம் சொல்லும் புரொசஸர், கைதேர்ந்த மேசனைப் போன்றது. எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்யும். ஆனால் ஒரே நேரத்தில் சில வேலைகளைத்தான் செய்யும். கிராஃபிக்ஸ் கார்ட் கரைவலை இழுக்கும் கூட்டத்தைப் போன்றது. அங்கே எல்லோருக்கும் ஒரே வேலை, கயிற்றைப் பிடித்து இழுப்பது. தனி ஆளாக எடுத்தால் ஒருவருடைய பலம் பெரிதல்ல. அத்தனை பேரும் ஒன்றாக இழுப்பதால்தான் மடி கரைக்கு வருகிறது. கார்டின் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் அப்படித்தான், திரையிலுள்ள புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் நிறம் கணிக்கின்றன.

எத்தனை புள்ளிகள்? நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 'ஃபுல் எச்டி' மொனிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 வரும். விளையாட்டு தடங்கலின்றி ஓட வினாடிக்கு 60 படம் வேண்டுமென்று வைத்துக் கொண்டால், ஒவ்வொரு வினாடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். '4கே' என்ற மொனிட்டரில் புள்ளிகள் இதைப்போல நான்கு மடங்கு, 82 இலட்சத்து 94 ஆயிரத்து 400. ஆகவே "எந்தக் கார்ட்?" என்று கேட்பதற்கு முன்னால், "வீட்டிலிருக்கும் மொனிட்டர் எது?" என்று கேட்க வேண்டும். கடிதத்தில் அதையும் எழுதியிருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். பழைய ஃபுல் எச்டி மொனிட்டர்தான். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி அந்த இரண்டு கம்பனிகளைப் பார்ப்போம். என்விடியா 1993இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜென்சன் ஹுவாங் என்பவரும் வேறு இருவரும் சேர்ந்து தொடங்கியது. அதன் கார்ட்களுக்கு ஜீஃபோர்ஸ் என்று பெயர். ஏஎம்டி அதைவிடப் பழையது, 1969இல் தொடங்கியது. ஆனால் அது புரொசஸர் செய்யும் கம்பனியாகவே இருந்தது. 2006இல் கனடாவின் ஏடிஐ என்ற கம்பனியை 540 கோடி டொலருக்கு வாங்கித்தான் இந்தத் துறைக்குள் வந்தது. ரேடியான் என்ற பெயர் அந்த ஏடிஐயிடமிருந்து வந்த சொத்து. முன்னர் 3டிஎஃப்எக்ஸ் என்றொரு கம்பனியும் இருந்தது. 1996இல் அது வெளியிட்ட வூடூ என்ற கார்டுக்காக அன்றைய இளைஞர்கள் ஏங்கினார்கள். நான்கே வருடத்தில், 2000 டிசம்பரில், அதன் சொத்துகளை என்விடியா வாங்கிக் கொண்டது. 2022இல் இன்டெல் கம்பனியும் 'ஆர்க்' என்ற பெயரில் மூன்றாவது கடையைத் திறந்தது. அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் ஆந்திராவில் பிறந்த ராஜா கொடூரி. அதற்கு முன் ஏஎம்டியில் ரேடியான் பிரிவுக்குத் தலைவராக இருந்தவரும் அவரேதான்.

என்விடியாவின் நிறம் பச்சை, ஏஎம்டியின் நிறம் சிவப்பு. இளைஞர்கள் இதை வைத்துத் தேர்தல் காலத்துக் கட்சிக்காரர்களைப் போல இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சங்கதி சொல்கிறேன். ஏஎம்டியை 2014 முதல் நடத்தி வரும் லீசா சூ என்ற பெண்மணியும் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங்கும் தாய்வானில் பிறந்தவர்கள். அதுமட்டுமல்ல, சொந்தக்காரர்கள்! லீசா சூவின் உம்மாவைப் பெற்ற வாப்பாவும் ஜென்சன் ஹுவாங்கின் தாயாரும் கூடப் பிறந்தவர்கள். நம்மூர் முறைப்படி பார்த்தால் லீசா சூவின் உம்மாவுக்கு ஜென்சன் ஹுவாங் மச்சான். ஒரே குடும்பத்துக்காரர்கள் இரண்டு கடை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். அதற்காக இறக்கக்கண்டியில் இரண்டு கூட்டாளிமார் முகம் பாராமல் திரிய வேண்டுமா?

சரி, கேள்விக்கு வருவோம். 'மிகவும் உயர்ந்த கார்ட் எது?' என்று மட்டும் கேட்டால் பதில் சுலபம். 2025 ஜனவரியில் வந்த ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 5090. அதன் உள்ளே 21,760 கணிப்பான்களும் 32 ஜிபி நினைவகமும் இருக்கின்றன. அதற்கு எதிரே நிறுத்த ஏஎம்டியிடம் கார்ட் இல்லை. இந்தத் தலைமுறையில் உச்சிக்குப் போட்டியிடுவதை விட நடுத்தர விலையில் நிறையப் பேரைச் சேர்வதே தங்கள் நோக்கம் என்று 2024 செப்டெம்பரிலேயே ஏஎம்டியின் பொறுப்பாளர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். உச்சியில் போட்டியே இல்லை என்பதால் விலையும் அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் அறிவித்த விலை 1,999 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று கணக்குப் பார்த்தாலே 6 இலட்சம். 2024 ஜனவரி முதல் 18 வீதமாகியிருக்கும் வற் வரியையும் சேர்த்தால் 7 இலட்சம் தாண்டும். கப்பல் கூலி, இறக்குமதியாளரின் இலாபம், கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதற்கு மேலே. 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டதை நாம் மறக்கவில்லை. டொலர் அசைந்தால் இந்தக் கணக்கும் அசையும்.

உண்மையான போட்டி ஒரு படி கீழேதான் நடக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 749 டொலருக்கும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 599 டொலருக்கும் 2025இன் தொடக்க மாதங்களில் வந்தன. இரண்டிலும் 16 ஜிபி நினைவகம். மின்சாரம் இழுப்பதும் ஒன்றுபோலத்தான், முறையே 300 வாட்ஸ், 304 வாட்ஸ். இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். கடைக்காரர் "இதிலே 8,960 கோர், அதிலே வெறும் 4,096" என்று சொல்லக்கூடும். கேட்பவருக்கு முன்னது இரண்டு மடங்கு என்று தோன்றும். ஆனால் சாதாரண விளையாட்டுகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். 5070 டிஐ சிறிதளவே முந்தும். ஒரு கம்பனி ஆட்களை எண்ணும் விதம் வேறு, மற்றக் கம்பனி எண்ணும் விதம் வேறு. ஒரே கம்பனியின் ஒரே தலைமுறைக்குள்தான் இந்த எண்ணிக்கையை ஒப்பிடலாம்.

'ரே டிரேசிங்' என்று ஒன்று இருக்கிறது. வெளிச்சம் ஒரு பொருளில் பட்டுத் தெறிப்பதை ஒவ்வொரு கதிராகப் பின்தொடர்ந்து கணிப்பது. தண்ணீரில் நிலா விழுவது, நனைந்த வீதியில் விளக்கு தெரிவது எல்லாம் அசலைப்போல வரும். 2018இல் என்விடியா இதைக் கார்ட்களில் கொண்டு வந்தது. இன்றும் அதில் அதன் கைதான் ஓங்கியிருக்கிறது, ஏஎம்டி 2025இல் நிறைய நெருங்கிவிட்டாலும்கூட. சிறிய படத்தைக் கணித்து அதைப் பெரிய படமாக விரிக்கும் வித்தையிலும் அப்படித்தான். என்விடியா அதை டிஎல்எஸ்எஸ் என்கிறது, ஏஎம்டி எஃப்எஸ்ஆர் என்கிறது. எஃப்எஸ்ஆரின் நான்காம் பதிப்பு நன்றாகவே வந்திருக்கிறது, ஆனால் டிஎல்எஸ்எஸ் ஓடும் விளையாட்டுகளின் எண்ணிக்கை அதிகம். இவற்றுக்காக 150 டொலர், அதாவது வரியோடு நம் காசில் ஐம்பதாயிரத்துக்கு மேல், கூடுதலாகக் கொடுக்கலாமா? விளையாட்டுக்கு மட்டும் என்றால் தேவையில்லை என்பதே என் எண்ணம். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றைத் தொழிலாகப் படிக்கும் பிள்ளைக்கு வேறு பதில். அந்தத் துறைகளின் மென்பொருள்கள் நெடுங்காலமாக என்விடியாவின் 'கூடா' என்ற அடித்தளத்தின் மேல் எழுப்பப்பட்டவை. ஏஎம்டியில் சில ஓடும், சில மெதுவாக ஓடும், சில ஓடவே ஓடாது. தொழில் படிக்கிற பிள்ளையின் நேரம் இதைச் சரிசெய்வதிலேயே போய்விடும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது, மீன் வியாபாரத்தைத் தெரிந்த நமக்கு உடனே பிடிபடக்கூடிய விஷயம் ஒன்றுண்டு. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சி மேடையில் நின்று, 549 டொலர் விலையுள்ள 5070 கார்ட், 1,599 டொலருக்கு வந்த பழைய 4090க்குச் சமமான வேகம் தரும் என்று ஜென்சன் ஹுவாங் அறிவித்தார். கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதன் பின்னால் இருந்தது 'ஃபிரேம் ஜெனரேஷன்'. கார்ட் ஒரு படத்தை உண்மையாகக் கணிக்கிறது. பிறகு இடையில் மூன்று படங்கள் வரை ஊகித்து நிரப்புகிறது. திரையின் மூலையில் எண் 30 என்று காட்ட வேண்டிய இடத்தில் 100க்கு மேல் காட்டும். ஆனால் பிள்ளை விசையை அழுத்தும்போது விளையாட்டு பதில் சொல்வது அந்த உண்மைப் படங்களின் வேகத்தில்தான். ஐஸோடு சேர்த்து நிறுத்த மீனைப் போன்றது இது. தராசு பொய் சொல்லவில்லை, முள் காட்டிய நிறை சரியானதுதான். ஆனால் அதில் மீன் எவ்வளவு என்று தராசு சொல்லாது. ஐஸ் இல்லாமல் நிறுத்துப் பார்த்தபோது 5070 பழைய 4090க்கு வெகுதூரம் பின்னால் நின்றது. ஃபிரேம் ஜெனரேஷன் கெட்டதென்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே 60 படம் ஓடும் விளையாட்டில் அது பார்வைக்கு மிகவும் வழுவழுப்பாக இருக்கும். விலையை மட்டும் அதை வைத்துப் பேசக் கூடாது. ஏஎம்டியும் 2023 முதல் இதே வித்தையை வைத்திருக்கிறது.

பெயர்களின் கதை இதைவிடப் பெரியது. கடைத்தெருவில் உணவுக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நபிகளார் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட ஹதீஸை நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். கார்ட் வாங்கப் போகும்போது அந்த ஹதீஸை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். 2014இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 970இல் 4 ஜிபி நினைவகம் என்று போட்டிருந்தது. அதில் கடைசி அரை ஜிபி மிக மெதுவானது என்பது அடுத்த ஜனவரியில்தான் வெளியே வந்தது. வழக்கு நடந்து, 2016இல் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டொலர் கொடுக்க அந்தக் கம்பனி இணங்கியது. சிவப்புக் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 2017இல் அவர்களுடைய ஆர்எக்ஸ் 560 என்ன ஆனது? 1,024 கணிப்பான்கள் இருக்க வேண்டிய கார்ட், சத்தமில்லாமல் 896ஓடும் அதே பெயரில் கடைக்கு வந்தது. கண்டுபிடித்துக் கேட்ட பிறகே ஏஎம்டி ஒப்புக் கொண்டது.

2022 செப்டெம்பரில் என்விடியா '4080' என்ற ஒரே பெயரில் இரண்டு கார்ட்களை அறிவித்தது, 16 ஜிபி ஒன்று, 12 ஜிபி ஒன்று. பார்ப்பவர் நினைவகம்தான் வித்தியாசம் என்று நினைப்பார். உள்ளே சில்லே வேறு. ஒன்றில் 9,728 கணிப்பான்கள், மற்றதில் 7,680. எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபர் 14ஆம் திகதி சின்னதை வெளியிடுவதில்லை என்று திரும்பப் பெற்றார்கள். அதே கார்ட் 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரோடு, 100 டொலர் குறைந்த விலையில் வந்தது. வாங்குபவர்கள் வாய் திறந்து கேட்டதால் வந்த பலன்! மடிக்கணினிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மடிக்கணினியின் மேல் '5090' என்று ஒட்டியிருந்தாலும் அதன் உள்ளே இருப்பது மேசைக் கம்பியூட்டரின் 5090இல் பாதிக் கணிப்பான்கள்கூட இல்லாத சில்லு. 5060 டிஐ, 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டும் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. புதிய விளையாட்டுகள் பல 8 ஜிபியைச் சீக்கிரம் நிரப்பிவிட்டுத் தடுமாறுகின்றன. ஆகவே பெயரைச் சொல்லி விலை கேட்காதீர்கள், "எத்தனை ஜிபி?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

இனி இறக்கக்கண்டி வீட்டுக்குள் இந்தக் கார்டைக் கொண்டு போய்ப் பார்ப்போம். 5090 ஒன்று மட்டும் 575 வாட்ஸ் இழுக்கும். 1000 வாட்ஸ் பவர் சப்ளை வேண்டும் என்று கம்பனியே சொல்கிறது. நம் வீடுகளில் வைத்திருக்கும் 650 விஏ யூபிஎஸ் தாங்குவது 400 வாட்ஸுக்கும் குறைவு. கரண்ட் போன உடனே அதுவும் படுத்துவிடும். கம்பியூட்டர் முழுவதும் 800 வாட்ஸ் என்று வைத்து, நாளுக்கு நான்கு மணித்தியாலம் விளையாடினால் மாதத்தில் 96 யுனிட். வீட்டு மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். இந்த 96 யுனிட்டும் வீட்டுப் பாவனைக்கு மேலே, கூடிய விலையுள்ள படியில் போய்த்தான் நிற்கும். 160 வாட்ஸ் இழுக்கும் 9060 எக்ஸ்டி 16 ஜிபி என்றால் இதே பாவனைக்கு மாதம் 35 யுனிட்டளவில் முடியும்.

சூடு இன்னொரு கவலை. இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வரும். 575 வாட்ஸ் என்பது சீலை அழுத்தும் அயனில் ஏறத்தாழப் பாதி. கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரமோ அஸ்பெஸ்டஸோ போட்ட சிறிய அறையில், பாதி அயனைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு யார் இருப்பது? கார்ட் தன்னைக் காப்பாற்றத் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கேயே போய்விடும். இணைப்பியையும் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் 4090 வந்த சில நாட்களிலேயே சிலருடைய மின் இணைப்பிகள் உருகின. முழுதாக உள்ளே தள்ளாததே முக்கிய காரணம் என்றது கம்பனி. பிறகு இணைப்பியின் வடிவமே திருத்தப்பட்டது. 9070 எக்ஸ்டியில் பெரும்பாலான தயாரிப்புகள் பழைய 8 ஊசி இணைப்பிகளையே வைத்திருக்கின்றன. ஊரில் திருத்துபவர் கைக்குப் பழகிய சாமான் என்பதால் எனக்கு அது ஒரு நல்ல குணமாகவே படுகிறது.

உப்புக் காற்றை அமெரிக்காவில் எழுதும் விமர்சகர் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருக்கும் ஊரில் சைக்கிள் றிம் என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். கார்டின் பின்புறத் தகடும் விசிறியின் அச்சும் இணைப்பு ஊசிகளும் அதே காற்றைத்தான் குடிக்கின்றன. கம்பியூட்டரைக் கடல் பக்க ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். விசிறிகளில் படியும் தூசியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊதி எடுங்கள். உப்போடு சேர்ந்த தூசி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஓடி முடிந்து சூடு தணிந்த பிறகு சீலை போட்டு மூடலாம். ஓடும்போது மூடவே கூடாது.

அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான். மகனுடைய மொனிட்டர் வினாடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. கம்பியூட்டரோ, கடிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், கொழும்பில் ஏதோ அலுவலகத்தில் பாவித்துக் கழித்த பெட்டி. அப்படியான பெட்டிகளில் பவர் சப்ளை சிறியது. பலவற்றில் இணைப்பியும் அந்தக் கம்பனிக்கே உரியதாக இருக்கும், வெளிச் சாமான் பொருந்தாது. புரொசஸர் பழையது. அதிலே 5090ஐயோ 9070 எக்ஸ்டியையோ பூட்டுவது, சிறு வள்ளத்தின் பின்னால் 40 குதிரைவலு எஞ்சினைக் கட்டுவதற்குச் சமம். வேகம் வராது, பின்பலகைதான் உடையும். பச்சையா சிவப்பா என்ற சண்டைக்கே அந்த வீட்டில் இப்போது வேலை இல்லை.

வள்ளத்தின் எஞ்சின் காசில் கை வைக்க வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லுங்கள். எஞ்சின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மகனிடமும் அதை மறைக்காமல் கணக்கோடு சொல்லுங்கள். உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு விளங்கும். வீடியோ எடிட்டிங் படிப்பது உண்மையான எண்ணம் என்றால், இருக்கிற பெட்டியிலேயே இலவச மென்பொருளில் ஆறு மாதம் சிறிய வீடியோக்களைச் செய்து பழகட்டும். கலியாண வீடியோவோ கடை விளம்பரமோ இரண்டு மூன்று கூலி வேலை கைக்கு வந்த பிறகு, அந்த உழைப்பையும் போட்டு, புதிய பெட்டியோடு சேர்த்து 5060 டிஐ 16 ஜிபியைப் பார்க்கலாம். அறிவித்த விலை 429 டொலர். தொழில் வராமல் விளையாட்டு மட்டுமே என்றால் 349 டொலரின் 9060 எக்ஸ்டி 16 ஜிபி போதும், ஃபுல் எச்டி மொனிட்டருக்கு அது தாராளம். 'மாதாந்தக் கட்டணம்' என்று சொல்லி வட்டியோடு கொடுக்கும் கடைகளைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

"பொறுத்தால் விலை குறையுமா?" என்றும் சிலர் கேட்பார்கள். முன்னெல்லாம் குறைந்தது. இப்போது நிலைமை வேறு. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் ஏறத்தாழ 13,000 கோடி டொலர். அதில் விளையாட்டுப் பிரிவால் வந்தது 1,100 கோடி சொச்சம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்களுக்கு விற்றதால் வந்தது. பெரிய முதலாளிமார் மொத்த மீனையும் கரையிலேயே விலை பேசி எடுத்துவிட்டால், சைக்கிளில் வரும் வியாபாரிக்கு எஞ்சுவது என்ன, எந்த விலையில்? 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். அதனால் நான் மேலே சொன்ன டொலர் விலைகள் கார்ட் வெளியானபோது அறிவித்தவை என்பதை மறக்க வேண்டாம். கடைக்குப் போகும் அன்று அன்றைய விலையைக் கேளுங்கள்.

பாவித்த கார்ட் வாங்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2022 செப்டெம்பர் வரை 'எதீரியம்' என்ற மின்னாணயத்தைத் தோண்டுவதற்காக இலட்சக்கணக்கான கார்ட்களை இரவு பகலாக ஓட்டினார்கள். அந்த முறை நின்றதும் அவை எல்லாம் சந்தைக்கு வந்தன. ஓடிய கார்ட் என்பதற்காகவே கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறியும் நினைவகமும் களைத்திருக்கும். அதைவிட மோசமானது போலிக் கார்ட். பத்து வருடத்துக்கு முந்திய சில்லின் மேல் புதிய பெயரைப் பதிந்து விடுகிறார்கள். கம்பியூட்டரே ஏமாந்து புதிய பெயரைத்தான் காட்டும். 'ஜிபியூ இசட்' என்ற இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. பேரம் முடிவதற்கு முன் அதை ஓட்டிப் பாருங்கள். பெயருக்கும் சில்லுக்கும் பொருத்தமில்லாவிட்டால் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

புதிய கார்ட் என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கலாம். ஒரே கார்டுக்குக் கடைக்குக் கடை விலை மாறும். திருகோணமலைப் பட்டினத்தில் வாங்கினால் சில ஆயிரம் கூடலாம், ஆனால் பழுதானால் தூக்கிக் கொண்டு இரவு பஸ் ஏறத் தேவையில்லை. அந்தச் சில ஆயிரத்தை நான் நட்டமாக எண்ண மாட்டேன். எங்கே வாங்கினாலும் உத்தரவாதம் எத்தனை வருடம், அது கார்டை இறக்கியவருடையதா கடையுடையதா, துருவும் மின்னல் அடியும் அதில் அடங்குமா என்பதைக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தொடர் இலக்கம் பெட்டியிலும் கார்டிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையிலேயே ஒரு கம்பியூட்டரில் பூட்டி, பதினைந்து நிமிடமாவது பாரமான விளையாட்டு ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறி சத்தத்தைக் கேளுங்கள், திரையில் கோடுகளோ நிறப் புள்ளிகளோ வருகின்றனவா என்று பாருங்கள். மொனிட்டர் வாங்குவதைப் பற்றி இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் எழுதுகிறேன்.